கயிறு மறைத்த பள்ளம்

ஓடுகிறோம். ரப்பர் மர வரிசைக்குள். அப்பா என் கையைப் பிடித்து இழுக்கிறார். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எங்கள் தோட்டம். ஜப்பான்காரன் ஆண்ட காலம். எனக்கு ஐந்து வயது. பின்னால் யாரோ ஓடி வருகிறார்கள்.

"படு! தலையத் தூக்காத!"

அப்பாவின் கடைசிக் குரல் அது. என் முகம் சேற்றில். ஒரு வெடி. பிறகு இரும்பு இழுபடும் ஓசை. க்ளக். சூடாக ஏதோ என் கழுத்தருகே விழுந்தது. காலடிகள் விலகின. சுட்டவனை நான் பார்க்கவில்லை.

விழுந்தது ஒரு வெற்றுத் தோட்டா. கையில் பொத்திக்கொண்டு லயத்துக்கு வந்தேன். தூக்கத்தில் அலறினேனாம். பயம் தெளிய அம்மா அதையே தாயத்தாக்கினார். அடிப்பகுதியில் மஞ்சள் கயிற்றைத் தடிமனாகச் சுற்றி, மந்திரித்து, என் இடுப்பில் கட்டினார்.

தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வந்தார். வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு உரிய முந்நூற்று மூன்று வெற்றுத் தோட்டா ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உயரம் ஏறக்குறைய ஒன்று. வாயும் அப்படித்தான். கயிற்றை அவிழ்க்கவில்லை. மந்திரித்த கயிற்றை எங்களில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள்.

"முந்நூத்தி மூணுதான். காட்டுக்காரங்க துப்பாக்கி."

காட்டில் இருந்த கெரில்லாக்களிடம் வெள்ளைக்காரன் துப்பாக்கி இருந்தது; ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுப்பவர்களைச் சுடுவார்கள். அவ்வளவுதான். அப்பா துரோகியானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு லயத்தில் ஒருவரும் வரவில்லை. ஆக்கிய சோறு அப்படியே கிடந்தது. பிறகு என்னைப் பெண் கேட்டும் எவனும் வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது கோலசிலாங்கூரில் தனியாக இருக்கிறேன். போன மாதம் தாயத்தின் கயிறு இற்று உதிர்ந்தது. தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம். பாசிர் பெனம்பாங்கில் இருக்கும் சூசையிடம் கொண்டுபோனேன். ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர்.

"அக்கா, இது முந்நூத்தி மூணு இல்லலா. அதுக்கு அடியில விளிம்பு வெளிய தள்ளும். இதுல தள்ளல, சுத்திப் பள்ளம்தான். ஜப்பான்காரன் ஏழு புள்ளி ஏழு. குண்டு ரெண்டும் ஏறக்குறைய ஒரே தடிப்பு, அதான் ஏமாந்துடுறாங்க."

ஜப்பான் துப்பாக்கி காட்டுக்காரர் கைக்கும் போயிருக்கலாம் என்றார். இருக்கலாம். ஆனால் அப்பாவைத் துரோகி என்று சொல்ல லயத்துக்காரர்களிடம் இருந்தது இந்தத் தோட்டா ஒன்றுதான்.

யாரிடம் போய்ச் சொல்வது? மண்டோர் இல்லை. லயம் இருந்த இடத்தில் எண்ணெய்க்கு நட்ட செம்பனை நிற்கிறது.

இழந்ததைச் சொல்கிறேன். அப்பா. அவர் பெயர். எனக்கு அமையாத ஒரு குடும்பம். பேச்சுத்துணை இல்லாமலே செத்துப்போன அம்மா.

பள்ளத்தை மறைத்தது அம்மா கட்டிய கயிறு. அது அவருக்குத் தெரியாமலே போனது. அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.