அடி தெரியாத மாவு டப்பா

மாவைச் சலிக்காமல் நான் ஒருநாளும் அடுப்பேற்றியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டு மாடியில் நடப்பது குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. மாலையில் எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி சுட்டுக் கொடுப்பேன். மாவு டப்பாவின் அடி கண்ணில் பட்டால் வீடு விளங்காது என்பார் என் அம்மா. அதனால் பழைய மாவின் தலையிலேயே புது மாவைக் கொட்டுவேன். டப்பாவைக் கழுவியதாக நினைவில்லை.

சமையல்காரிக்கு எதிலும் குறைதான். "அக்கா, மாவு தானா நகருது பாருங்க. ஒரு மாதிரி வாடை வேற அடிக்குது" என்றாள்.

"காத்துல நகரும். நீ உன் வேலையைப் பாரு" என்றேன். அப்போது மின்விசிறி ஓடவில்லை. 

காப்பகத்துக்கு வரும் தையல்காரியின் மகளைத் தவளை என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். ஒருநாள் ரொட்டி தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் தாய்க்கு நானே விளக்கினேன். பாவம், நம்பினாள். டாக்டர் நம்பவில்லை.

"முட்டை இல்லம்மா. மாவுல கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சி இருக்கு. சுட்டாலும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. இன்னொரு தடவை தின்னா பிழைக்கிறது கஷ்டம். மொத்தத்தையும் கொட்டிடுங்க" என்றார்.

கொட்டலாம். கொட்டினால், இத்தனை நாளும் பூச்சி மாவு போட்டேன் என்று தெருவே பேசும். பிறகு யார் பிள்ளையை விடுவார்கள்? மாவில் குற்றமில்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. அதே மாவை அதே பிள்ளை தின்று நன்றாக இருக்க வேண்டும். வேறு பிள்ளைக்குக் கொடுத்துப் பார்ப்பது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் திரும்பி வந்த அன்று முட்டை போடாமல் சுட்டேன்.

"பெரியம்மா, தொண்டை அரிக்குது" என்றாள்.

அடம் பிடிக்கிறாள் என்று தண்ணீர் கொடுத்து இன்னொரு வாய் ஊட்டினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, ஐயா. கல் நெஞ்சக்காரி இல்லை நான்.

ஆகவே தெரிந்தே கொடுத்தேன் என்று நீங்கள் சொல்வது அநியாயம். என் மாவை நான் முழுதாக நம்பினேன். அன்று என் கடைக்குட்டிக்கு மட்டும் புதுப் பாக்கெட் பிரித்துச் சுட்டது வேறு விஷயம். பெற்ற பிள்ளை, ஐயா. ஒரு தாய்க்கு மனசு கேட்குமா?