மீனுக்கு நோய் இருக்கவில்லை

ஸ்ரீஸ்கந்தராசா கனகேஸ்வரி ஆகிய நான், வயது 28, இந்து, விலங்கியல் பட்டதாரி, தற்போது தொழில் இல்லை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் 14/3ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியில் இரண்டரை வயது மகள் ஆரணியுடன் வசிப்பவள், பின்வருமாறு கூறுகிறேன்.

எனது கணவர் சிவக்கொழுந்து ஸ்ரீஸ்கந்தராசா, வயது 33, 1996.06.11 அன்று மாலை வேலை முடிந்து வீடு வரவில்லை. மறுநாள் 12ஆம் திகதி பொலிஸ் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது சிங்களத்தில் எழுதப்பட்டு, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, நான் ஒப்பமிட்டேன். எழுதியவர் பிழையாக எதையும் எழுதவில்லை. நான் சொன்னதில்தான் ஒரு பொய் இருந்தது. அதைத் திருத்துவதற்காக, நாலு மாதம் பிந்தி, புதுக்கடை நீதிமன்றில் எனது சட்டத்தரணி தாக்கல் செய்யும் மனுவுடன் சேர்ப்பதற்கு, இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

எனது கணவர் கொட்டாஞ்சேனையில் கடல் அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ஏழு வருடமாக மீன் பராமரிப்பாளராக வேலை செய்தார். சுழியோடிகள் பிடித்துக் கொடுக்கும் மீன்களில் சாப்பிடாதவையை விமானத்தில் ஏற்ற முடியாது. அப்படியானவற்றை மேலாளர் திரு. ஒஸ்வால்டிடம் வாயால் கேட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் முன்னறையில் இருக்கும் தொட்டியில் நாங்கள் இருவரும் அதைத் தேற்றி, சாப்பிடப் பழக்கித் திருப்பிக் கொடுப்போம். இதற்குத் துண்டோ பதிவோ கிடையாது.

1996.06.09 ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு நீல மீன் கொண்டுவந்தார். கையளவு, வாலடியில் கத்திபோல் ஒரு முள் உள்ள வகை. நிறம் மங்கியிருந்தது, செட்டையை மடித்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் நின்றது. நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். மூச்சு நிமிடத்துக்கு 130. கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியையும் இத்துடன் இணைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றை நீதிமன்றத்துக்கு விளங்கப்படுத்த வேண்டும். பயந்து களைத்த மீனும் நோயுள்ள மீனும் முதல் நாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டும் நிறம் மங்கும், ஒதுங்கும், சாப்பிடாது, வேகமாக மூச்சு விடும். களைப்பென்றால் வெளிச்சத்தைக் குறைத்து, தொடாமல் விட, இரண்டொரு நாளில் மூச்சு இறங்கும். நோயென்றால் மூச்சு இறங்காது, உடம்பைக் கல்லில் தேய்க்கும், உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்து நாளுக்கு நாள் கூடும். அதற்கு மயில்துத்தம் என்ற நீலக் கல்லை மிகச் சிறிய அளவில் கரைத்து விடுவார்கள். நோயில்லாத மீனுக்கு அதை விட்டால் அதுவே நஞ்சு. அதனால் இரண்டு நாள் கை வைப்பதில்லை என்பது என் கணவரின் முறை.

11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதிக்குக் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை மின்வெட்டு. காற்று மோட்டர் நின்றுவிட்டதால் நானும் கணவரும் மாறி மாறி அகப்பையால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம். அன்று பிற்பகல் பொதி கட்டும் வேலை என்பதால் அவர் ஒரு மணிக்குத்தான் வெளிக்கிட வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்தது, மோட்டர் ஓடியது. அதன் பின் ஐந்து நிமிடத்தில் மீனின் முதுகிலும் செட்டையிலும் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன். எண்ணினேன், பதினான்கு.

நோய் என்று நான் சொன்னேன். அவர் சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். "களைச்சுப் போய்க் கிடக்கு, வேற ஒண்டுமில்லை. நாளைக்கு மட்டும் பொறுமன்," என்றார். நாளைக்குச் செத்துவிடும் என்றேன். அவர் கேட்கவில்லை. "இதை நான் படிச்சனான், நீங்கள் படிச்சனீங்களே?" என்று கேட்டேன். அவர் உயர்தரத்துடன் படிப்பை நிறுத்தியவர். கோபிக்கவில்லை. "சரி டொக்டர் அம்மா, மருந்தை எழுதித் தாரும்," என்றார்.

நான் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். நீலக் கல் 100 கிராம், பற்றரியில் ஓடும் சின்ன மோட்டர் ஒன்று, பற்றரி நாலு, றப்பர் குழாய் ஆறு அடி, வயர் இரண்டு முழம். புலிகள் தாக்கிக் கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் எரிந்த பிறகு கொழும்பில் ஒரு தமிழ் ஆள் இந்தப் பொருட்களை ஒரே பையில் கொண்டு பஸ்ஸில் வந்தால் குண்டுச் சாமான் என்றுதான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதே என் கணவருக்கு வியர்க்கும். ஒன்றும் கொண்டுபோகாத நாளிலும் வியர்க்கும். அதுவும் எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பின் மகளுக்குச் சோறூட்டிப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு மணியளவில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. நாலு மணித்தியாலம் நின்ற மோட்டர் திரும்ப ஓடும்போது பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி தள்ளும். களைத்த மீனின் உடம்பில் வழுவழுப்புக் கூட இருக்கும் என்பதால் அவை ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு போய்விடும். நான் நோயென்று எண்ணியது குமிழிகளை. மூச்சு 110க்கு இறங்கியிருந்தது.

உடனே கீழ்வீட்டு ஹமீமா ஆன்ரியின் தொலைபேசியில் நிறுவனத்துக்கு எடுத்தேன். அவர் சாமான் வாங்க வெளியே போய்விட்டார் என்று ஒஸ்வால்ட் சொன்னார். மீனுக்கு ஒன்றுமில்லை, வாங்க வேண்டாம் என்று சொல்லும்படி கேட்டேன். கணவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாகவும், தான் விஷயத்தைச் சொன்னபோது "அப்ப நான் சொன்னதுதான் சரி" என்று சிரித்ததாகவும், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்பதால் பையோடு ஆறரைக்கு வெளிக்கிட்டதாகவும் ஒஸ்வால்ட் பின்னர் என்னிடம் நேரில் சொன்னார். பொலிஸாரிடம் அவர், மீனை வீட்டுக்குக் கொடுத்ததில்லை என்றும் இந்தச் சாமான்கள் பற்றித் தெரியாது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

12ஆம் திகதி பொலிஸ் நிலையத்தில் அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்றார்கள். வாக்குமூலம் எடுக்கும்போது, என்ன வாங்கப் போனார் என்று கேட்டார்கள். மருந்து என்றேன். மீனுக்கு நோயா என்று கேட்டார்கள். நோய் இல்லையென்றால் அந்தப் பையில் இருந்தவற்றுக்கு வேறு என்ன காரணம் சொல்வது என்று எண்ணி, ஓம், கடும் நோய் என்றேன். அப்போது அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். இதுதான் அந்தப் பொய்.

14ஆம் திகதி காலை பத்து மணியளவில் சிவில் உடையில் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தமிழ் கதைத்தார். அவர் கையில் பொலித்தீன் உறைக்குள் என் கையெழுத்தில் அந்தத் துண்டு இருந்தது. அதை நான் ஓரடி தூரத்தில் பார்த்தேன், மடிப்பில் நீலக் கறை இருந்தது. அவர் தொட்டிக்கு முன்னால் குந்தி இருந்தார். மகள் அப்போதுதான் ஒரு லெட்டிஸ் இலையைப் போட்டிருந்தாள். மீன் வெளியே வந்து அதைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது, முழு நீலமாக இருந்தது.

"மாளு ஹொந்தய் நே," என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். மீன் நல்லாத்தானே இருக்கு என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, "மஹத்தயா சொல்றது மீனுக்கு வருத்தம் இல்லை, களைப்பு மட்டும். நோனா பொலிஸில எழுதிக் குடுத்தது வருத்தம். எது பொய்?" என்று கேட்டார். மஹத்தயா என்றது என் கணவரை, நோனா என்றது என்னை.

வருத்தம்தான், நான் மருந்து விட்டுச் சுகப்படுத்தினேன் என்று சொன்னேன்.

"மருந்து எங்ககிட்டதானே இருக்கு, நோனா," என்றார்.

அவர்கள் போனார்கள். அதன் பின் எவரும் வரவில்லை. அப்படி மூவரைத் தாங்கள் அனுப்பவில்லை என்று பொலிஸ் நிலையத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் பாமன்கடை முகாமிலும், வேறு ஐந்து இடங்களிலும் விசாரித்தேன். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

அந்த மூவர் வந்த மறுநாள் ஹமீமா ஆன்ரி என்னிடம், "அந்த மீன் மவுத்தாப் போயிருந்தா ஒங்களுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும், புள்ள," என்றார். மீன் செத்திருந்தால் என்பதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று பின்னேரம் நான் காற்று மோட்டரை நிறுத்தினேன். பதினைந்து நிமிடத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மகள் வந்து "அப்பான்ட மீன்" என்றாள். மோட்டரைத் திரும்பப் போட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீதிமன்றத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். என் துண்டு அவர்கள் கையில் இருந்தது. மீனுக்குக் களைப்பு மட்டும் என்பது என் கணவரின் வாயிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். ஆகவே 14ஆம் திகதி காலை வரை அவர் அவர்களிடம் இருந்தார், கதைக்கக்கூடிய நிலையில் இருந்தார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பொய் சொன்னது நான். அவர் சொன்னதை என் பொய்யை வைத்து எடை போட்டிருந்தால், இப்போதாவது திருப்பிப் பார்க்கும்படி கேட்கிறேன்.

இனிப் பார்த்து ஏதும் ஆகும் என்று சட்டத்தரணி எனக்கு வாக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மீன் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றம் விரும்பினால் வந்து பார்வையிடலாம். இன்று காலை எண்ணினேன், மூச்சு 84.

இதில் எழுதியவை நான் கண்டவையும் கேட்டவையும் செய்தவையும் மட்டுமே. ஒருவரும் சொல்லித்தந்து எழுதவில்லை. திரும்ப வாசித்துச் சரியென்று கண்டு, கீழே ஒப்பமிடுகிறேன்.

ஸ்ரீ. கனகேஸ்வரி
வெள்ளவத்தை, 1996.10.17