அழுதது அவர்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் ஆஸ்பத்திரிப் பை. பஸ் கிளம்பியதுமே அவள் கேட்டாள்:

“மார்ல ஆபரேஷன் எனக்கு. கவுன்சிலிங் மேடம்கிட்ட நீ ஏன்யா அரை மணி நேரம் அழுதுகினு இருந்தே?”

“மெல்ல பேசுமே. வீட்ல எப்படி கீறீங்கன்னு அந்தம்மாதான் கேட்டுச்சு.”

“நீ இன்னா சொன்னே?”

அவர் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

“ஆபரேஷன் ஆனதிலேர்ந்து வெளியே போய்ப் படுத்துக்கினு கீறியே, என்னைப் பார்க்கவே புடிக்கலன்னு சொன்னியா?”

“ஐயோ, அது இல்லமே! தூக்கத்துல என் கை தையல் மேல பட்டுடும்னு பயம். அதைத்தான் சொன்னேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீயே வலியில கீறே. உங்கிட்ட போய் இன்னா சொல்றது?”

சந்திரகிரி தாண்டும்வரை அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

“தையல் பிரிச்சி மூணு மாசம் ஆவுதுய்யா.”

“தெரியும்மே. பயம் போவலையே.”

“அடுத்த வாரம் எனக்கு முன்னாடி நீ போய் அந்த மேடம்கிட்ட ஒக்காரு,” என்றாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். “இன்னைக்கி உள்ள வந்து படு.”