சம்பந்தி, அங்கேயே நில்லுங்க

அய்யய்யோ, இந்தப் பக்கம் வராதீங்க சம்பந்தி, அங்கேயே நில்லுங்க. யாராவது பக்கத்துல வந்து விரலைப் பாத்தா எனக்குக் கூசும். சிரிக்காதீங்க. கல்யாணப் பொண்ணு என் மக, வெக்கம் மட்டும் எனக்கு வந்திருக்கு. பியானோ மூடி மேல கையை ஊனிக்கங்க, ஒண்ணும் ஆகாது. இதைத் தூக்கிட்டு வர்றதுக்கே ஆறேழு ஆளு வேணும். நல்லா எடை பாத்த முதுகு இது, பொய் சொல்லாது.

பேசலாம் பேசலாம். பேசினா வாசிப்பு தப்பாதான்னா, தப்பாது. எங்க வீட்டம்மா சமைச்சுக்கிட்டே என்னைத் திட்டுவா. உப்பும் குறையாது, திட்டும் குறையாது. அது மாதிரின்னு வெச்சுக்கங்க.

அந்த மேடை விஷயந்தானே? தெரியும். ஓட்டலுக்கு வந்து சாப்பிடக்கூட உக்காராம நேரா இங்க வந்து நின்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. போன்லயே சொன்னேனே, பொண்ணைப் பெத்தவனுக்குக் கல்யாணத்தன்னிக்கு ஆயிரம் ஜோலி, செருப்பு காணாமப் போனாக்கூட அவனைத்தான் கேப்பாங்க, அவன் எங்க மேடையில உக்காந்து பியானோ வாசிக்கிறது? நல்லா பாட்டு போடற பசங்க இருக்காங்க, சொல்லி வெக்கிறேன். ...என்னது, பியானோவுக்கே சொல்லிட்டீங்களா? இதைவிடப் பெருசா? அப்ப சொந்தக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. உங்க அண்ணனுக்குமா? அவரு இதெல்லாம் முறையாப் படிச்சவராச்சே. சரிதான், போங்க.

நீங்க ரசிக்கிற ஆளு, அதுதான் எனக்கு வந்த கஷ்டம். கேளுங்க, இப்ப போகுதே, இது பழைய காலத்துச் சங்கீதம். எழுதின மனுஷன் மண்ணாகி எத்தனையோ காலமாச்சு, இன்னும் அவர் பேச்சைத்தான் கேக்கணும். மாமனார் சொத்து மாதிரி. அனுபவிக்கலாம், கை வெச்சு மாத்த முடியாது. புதுப் பாட்டுன்னா வழி மறந்தாக்கூட ஒரு சந்துல பூந்து வெளிய வந்துடலாம். எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் அதுதான் புது ஸ்டைலுன்னு சொல்லிடலாம்.

ஆனா இந்தப் பழசுல ஒரு எடம் வரும் சம்பந்தி. இடது கை பாட்டுக்கு நடந்து போய்க்கிட்டே இருக்கும், பொறுப்பான மனுஷன் வேலைக்குப் போற மாதிரி. கூட வந்த வலது கை சட்டுனு நின்னுடும். வீட்டுல எதையோ மறந்து வெச்சுட்டு வந்தவன் நடுத்தெருவுல நிப்பான்ல, அப்படி. வருது, வருது... இதோ. கேட்டீங்களா? அந்த எடந்தான். அது ஒண்ணுக்காகவே இந்த வேலையை விட மனசு வரல எனக்கு. எத்தனை தடவை கேட்டாலும் இங்க, நெஞ்சுக்குழியில வந்து நிக்கும்.

கண்ணைத் தொடச்சுக்கங்க, சாப்பிடறவங்க பாக்குறாங்க.

எங்க கத்துக்கிட்டேனா? வண்டியிலதான். பியானோ ஏத்தி எறக்குற வண்டியில நான் கூலியாளு. எறக்கி வெச்சதும் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு நாலு கட்டையைத் தட்டிப் பாப்பாங்க. மத்தவங்க நாலு தட்டினா நான் நாப்பது தட்டுவேன். வீட்டுக்காரங்க முறைச்சா, சோதனை பண்றேங்கன்னு சொல்லிடுவேன். காதுல கேட்டது கைக்கு வந்துச்சு, அவ்ளோதான். படிப்பு ஏறல. முன்னாடி விரிச்சு வெச்சிருக்கேனே பொஸ்தகம், இது சும்மா. எங்க மேனேஜரு, எப்பவும் கோட்டு போட்டிருக்கறதால கோட்டுன்னே கூப்பிடுவோம், அவரு வெக்கச் சொன்னாரு. எனக்கு இது கம்பியில காக்கா உக்காந்த மாதிரிதான் தெரியும்.

பாத்தீங்களா, அதுக்கும் கையெடுத்துக் கும்பிடறீங்க. நான் கேவலம்னு சொல்றேன், நீங்க அதையும் பெருமையில கொண்டுபோய்ச் சேக்குறீங்க. உங்ககிட்ட ஒரு குறையை ஒத்துக்கறதுக்குள்ள உயிர் போயிடும் போல.

என் பொண்ணைக் கேளுங்க, அவ சொல்லுவா. சின்னப் புள்ளையில இருந்து இங்க வந்து இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்துல உக்காந்துக்குவா. இதே பாட்டு நானும் வாசிப்பேன். அந்த நிக்கிற எடத்துக்கு முன்னாடி ஒரு மேடு இருக்கு, அதுல ஏறும்போது எனக்கு எப்பவும் கால் இடறும். சரியா அந்த எடத்துல அப்பாவைப் பாத்துச் சிரிப்பா. வளந்தும் அதே சிரிப்புதான். போன மழைக்கு அப்புறம் ஒரு நாள் வந்தா. கேட்டா. அந்த மேடு வந்துச்சு, போச்சு. அவ சிரிக்கல. என்னப்பா, இப்பல்லாம் நீ தப்பே பண்றதில்லியேன்னா. அவ்ளோதான் சொன்னா. அதுக்கப்புறம் இங்க வர்றதில்ல. தெரிஞ்சுதான் சொன்னாளான்னு நான் கேக்கல. கேக்கற தைரியம் இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்.

ஒரு நிமிஷம், தொண்டை காஞ்சுபோச்சு. அந்தத் தண்ணி டம்ளரை எடுங்க. இல்ல, நீங்க குடிக்காதீங்க, எனக்கு. ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன்.

பாட்டு நிக்கல பாருங்க.

இப்ப வாங்க இந்தப் பக்கம். நல்லா குனிஞ்சு பாருங்க, கட்டை தானா எறங்குது, தானா ஏறுது. கீழ மிதிகட்டையும் அப்படித்தான். உள்ள மெஷின் வெச்சது. போன மழையில வந்து எறங்குச்சு. ஆள் இல்லாம ஓட விட்டாங்க, பேய் வாசிக்குதுன்னு ஒரு கொழந்தை அழுது ஊரைக் கூட்டிடுச்சு. அப்பறம் கோட்டு என்னைக் கூப்பிட்டாரு. நீ உக்காரு, கையை மேல வெச்சுக்கோ, போதும்னாரு. நான் வாசிச்ச வரைக்கும் எவனும் கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சதில்ல சம்பந்தி. இது வந்த அன்னிக்குக் கை தட்டினாங்க. நான் எழுந்திரிச்சுக் கும்பிட்டேன். யாரும் கும்பிடச் சொல்லல. அது நானாப் பண்ணது.

பொண்ணு கேக்க வந்தன்னிக்கு, அதோ அந்தக் கடைசி மேஜையில இருந்து எழுந்து நின்னு தட்டினீங்களே, உங்களுக்கும் கும்பிட்டேன்.

மேடையில நானே வாசிக்கிறேன். அந்த மேட்டுல இடறுவேன். உங்க அண்ணன் மொகம் சுளிப்பாரு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஆனா அதுக்காக எம்பொண்ணை ஒண்ணும் நெனச்சுடாதீங்க, அவ ஒரு வார்த்தைகூட பொய் சொல்லல, எங்கப்பா வாசிப்பாருன்னுதானே சொன்னா.

டம்ளரைப் புடிங்க, முடியப்போகுது. இப்பத் தட்டுவாங்க. நான் எழுந்திரிச்சுக் குனியணும், இப்பல்லாம் அதுவும் வேலையில சேத்தியாயிடுச்சு. நீங்க மட்டும் தட்டாதீங்க சம்பந்தி.