வலப்பக்கம் ஆறு துளை

"ஹலோ... ஆமா, அக்காதான். வேலையா இருக்கியா?... சரி சரி, ரெண்டே நிமிஷம். ஒரு பழைய சைக்கிள் சீட்டு வந்திருக்கு. தோல் சீட்டு... ஆமா, கடைக்குத்தான். கண்ணாடிக் கடைக்காரர் கொண்டுவந்து போட்டாரு. எந்தக் கம்பெனி, எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லி, சரி பண்ணியும் குடுக்கணுமாம்... இல்லடா, முத்திரை தேஞ்சுபோச்சு. அதான் உங்கிட்ட கேக்கலாம்னு."

தம்பியிடம் அவள் இதுவரை எந்தச் சீட்டைப் பற்றியும் யோசனை கேட்டதில்லை. பதினோரு வருடமாகத் தோல் தைக்கிறவள் அவள். சீட்டு மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"கேளு. பின்னாடி செம்பு ஆணி ஆறு. கையால அடிச்சது, சுத்தியல் தடம் தெரியுது... ஆமா ஆமா, நாப்பது வருஷமாவது இருக்கும். மூக்குல தோல இழுத்துப் பிடிக்கிற போல்ட்டு, அதுவும் இருக்கு. வாங்கின மனுஷன் பாவம், மெத்துன்னு ஆகட்டும்னு எண்ணெயில ஊறப் போட்டிருக்காரு. நனைஞ்ச அட்டை மாதிரி தொங்குது. மூட்டுவலியா அதுக்கு, இவ்வளவு எண்ணெய் தேய்க்க?... சிரி, சிரி. எண்ணெய ஒத்தி எடுத்து, அச்சுல கட்டி, ஒரு வாரம் நிழல்ல காயப் போடணும்... இரு, இதக் கேளு. ரெண்டு பக்கத்துத் தோலையும் அடியில நாடா கோத்து இழுத்திருக்கு. இடப்பக்கம் அஞ்சு துளை. வலப்பக்கம் ஆறு... ஹலோ?... இருக்கியா?... ஆமா, ஆறு. எண்ணத் தெரியாத எவளோ போட்டிருக்கா."

ஆறாவது துளையில் விரலை வைத்தாள்.

"எல்லாச் சீட்டுலயும் அப்படி இருக்காதுடா. உனக்குன்னு நான் செஞ்ச சீட்டுடா இது. அது என் தப்பு. என் ஒருத்தியோட தப்பு. நீதானே வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்ச, 'அக்கா, ஆறாவது ஓட்டை எதுக்கு, காத்து வரவா'ன்னு... ம்... திருடுனவன் வித்திருப்பானா?... ஆமா, ஆமா. நானும் அப்படித்தான் நெனச்சேன். காலையில முழுக்க அப்படித்தான் நெனச்சேன்."

சீட்டைத் துணிப்பையில் போட்டாள். கடையைப் பூட்டிவிட்டு நடந்தாள்.

"... சத்தமா? ரோட்டுல நடக்கறேன்... ஒரு வேலையா. நீ பேசு... யார்கிட்ட வாங்கினீங்கன்னு கண்ணாடிக் கடைக்காரரக் கேட்டேன். ஆளப் பாக்கலையாம், பார்சல்ல வந்துச்சாம். ஆனா வித்தவன் போட்ட விளம்பரம் அவர் போன்லயே இருந்துச்சு, 'பழைய காலத்துச் சீட்டு'ன்னு. காட்டினாரு... படம் இருக்குடா. ஜன்னல் திட்டுல வச்சு எடுத்த படம். பின்னாடி திரை. பச்சைக் கட்டம் போட்ட திரை... அந்தத் திரை யார் தச்சது?... சொல்லேன். உன் ரூமுக்கு யார் தச்சுக் குடுத்தது?"

ஒரு லாரி கடந்துபோகும்வரை நின்றாள்.

"விளம்பரம் போட்டது வியாழக்கிழமை. சைக்கிள் ஸ்டாண்டுல சீட்டத் திருடிட்டாங்கக்கான்னு நீ வந்து நின்னது அதுக்கு அடுத்த திங்கக்கிழமை... ம்... சொல்லு, கேக்கறேன்... வலிச்சுதா?... உக்காரவே முடியலையா?... அத ஏண்டா எங்கிட்ட சொல்லல?... மூணு மாசம் கண்ணு வலிக்கச் செஞ்சேன்னு?... என் மனசு நோகும்னு?... மடையா. மேல ஒரு ஸ்பாஞ்சு உறை தச்சுப் போட்டிருப்பேனே... இல்ல, வித்ததுக்குக் கோவம் இல்ல. நெசமா இல்ல. குடுத்தது குடுத்ததுதான், வித்துக்கோ, தூக்கிப் போடு. கோவம் அதுக்கில்ல."

தெரு குறுகியது. கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"அன்னிக்கு ஸ்டாண்டுக் காவல்காரர் என்ன சொன்னாரு?... மறந்துட்டியா? எனக்கு மறக்கல. 'வண்டி உள்ள வரும்போதே சீட்டு இல்லம்மா, தம்பி தள்ளிக்கிட்டுத்தான் வந்துச்சு'ன்னாரு. நான் உன்னத் திரும்பிப் பாத்தேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான்டா வாயத் தொறந்தேன். நீ என்ன சொன்ன?... சொல்லு... 'பொய் சொல்றாருக்கா.' அதான் சொன்ன. நம்ம அப்பா வயசு அந்த மனுஷனுக்கு. அத்தன பேருக்கு நடுவுல அவரத் திருடன்னு கத்தினேன். ஸ்டாண்டு ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுத்தேன், கீழ கையெழுத்தும் போட்டேன். மறுநாளே அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க... உனக்குத் தெரியாம என்ன? நான்தானே வந்து சொன்னேன், நல்லா வேணும் அந்தாளுக்குன்னு. நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்த. தலைய நிமித்தவே இல்ல."

"... எப்படியோ ஆயிடுச்சா? தானா ஆகுமா அது?... என்ன, கிடைச்சிருச்சுன்னு சொல்லிடலாமா? எங்க கிடைச்சுது?... யாரு எடுத்தான்னு கேட்டா?... ஓஹோ. வேற எவனோன்னு. இவர் தலையிலேர்ந்து எறக்கி இன்னொருத்தன் தலையில வைக்கணும். நல்லா இருக்குடா."

மாடிப்படி ஏறினாள். மூச்சு வாங்கியது.

"நாளைக்கெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமையும் வேண்டாம்... அம்மாவ ஏன் இழுக்கற? அம்மா பேச்ச இப்ப யாரு எடுத்தா?... எங்கயா? அவர் வீட்டுக்கு வந்துட்டேன். வாசல்ல நிக்கறேன்... வெளையாட்டு இல்ல. ஸ்டாண்டு ஆபீஸ்ல விலாசம் வாங்கிட்டுத்தான் வந்தேன்."

மணியை அழுத்தினாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"வச்சிடாத. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லல. அது போகட்டும். அவர்கிட்ட ஒரே வார்த்தை. 'நீங்க சொன்னதுதான் உண்மை'ன்னு. அவ்வளவுதான். ஊர் முன்னாடி அவரப் பொய்யனாக்கினது உன் வாய். அந்த வாயால வரணும்டா... அழாத... சரி, அழுதுக்கிட்டே சொல்லு, பரவால்ல... வர்றாரு. வச்சிடாத."

கதவு திறந்தது. அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கதவை மூடவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"ஐயா, போன்ல என் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அவன்... டேய், குடுக்கறேன். பேசு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். காதில் வைத்தார். கேட்பதுபோல் வெகுநேரம் நின்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார். போனின் திரை அணைந்திருந்தது.

"வச்சிட்டான்," என்றாள். "சீட்ட வித்தது என் தம்பிதாங்க, ஐயா."