புள்ளி எந்த டிவிசனுக்கு

– இருபத்தாறு, பதினாறு, பதினஞ்சு. மூண்டு தரம் கூட்டிப் பாத்திட்டன், பிள்ளை. கணக்கில பிழை இல்லை.

– கணக்கு பெழன்னு நான் எங்கங்கய்யா சொன்னேன்? மூணு வருசமும் கப்பு தூக்குனது இந்தக் கை. பதுளைக்குப் போற கை மட்டும் வேறயா இருக்கே, அதத்தான் கேக்குறேன்.

– ஜெயலெட்சுமி, முதல்ல அந்த வாங்கில இரு. நிண்டுகொண்டு கதைச்சால் சண்டை மாதிரிக் கிடக்கு.

– ஒக்காந்துட்டா சண்ட இல்லன்னு ஆயிருமா?

– வடிவாக் கேள். இந்தத் தோட்டத்தில மேல், நடு, கீழ் எண்டு மூண்டு டிவிசன். மூண்டிலயும் பொம்பிளையளின்ர நெட்போல் டீம். பதுளைப் போட்டிக்கு ஒரு தோட்டத்தில இருந்து ஒரு டீம்தான் கேக்கினம். எதை விடுறது? போன முறை ஆம்பிளையளின்ர வொலிபோலுக்கு ஆள் தெரிவு செய்யப்போய், கோயிலடியில மண்டை உடைஞ்சது. குமாரசிங்கம் கிளாக்கர் பக்கச்சார்பு எண்டு என்ர பேரைச் சுவரிலயும் எழுதினவை. அதுதான் இந்த முறை உலகத்தில ஒருத்தரும் குறை சொல்லேலாத வழி ஒண்டு பிடிச்சன்.

– அந்தக் கல்லு தள்ளுற ஆட்டம்.

– கேர்லிங். கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி பேப்பர்த் துண்டு அனுப்பினவள். இந்த மாசியில இத்தாலியில ஒலிம்பிக் நடந்ததெல்லோ, அதில இருந்தது. பனிக்கட்டிக்கு மேல ஒரு கல்லைத் தள்ளி விடுவினம். கல்லுக்கு முன்னால ரெண்டு பேர் தும்புத்தடியால கூட்டிக்கொண்டு போவினம்.

– கூட்டுறதுக்கு ஒலகப் போட்டியா? அப்ப மொதக் கப்பு எங்க மாமியாளுக்குத்தான். கோழி கூவுறதுக்கு முன்னாடியே வாசலக் கூட்ட ஆரம்பிச்சிரும்.

– பகிடி விடாத. எந்தெந்த நாட்டைக் கூப்பிடுறது எண்டு அவையளுக்கு ஒரு முறை இருக்கு. முந்தின ரெண்டு வருச உலகப் போட்டியிலயும் வந்த இடத்துக்குப் புள்ளி. முதலாமிடத்துக்குக் கூட, அடுத்ததுக்குக் கொஞ்சம் குறைய, அப்பிடியே இறங்கும். ரெண்டையும் கூட்டி, கூடின புள்ளி எடுத்த நாடுகளுக்கு இடம். ஒரு வருசம் மட்டும் அடிச்சுப்பிடிச்சு வெண்டவன் உள்ளுக்கு வரேலாது.

– நடத்துற நாடும் இப்பிடித்தான் புள்ளி எடுத்து வரணுமா?

– இல்லை. இத்தாலிக்கு இடம் சும்மா.

– அது நம்ம தோட்டம் மாதிரிதான் இருக்கு.

– விடு அதை. நான் மூண்டு வருசத்தை எடுத்து, முதலாமிடத்துக்குப் பத்து, ரெண்டாமிடத்துக்கு ஆறு, மூண்டாமிடத்துக்கு மூண்டு எண்டு வைச்சன். முதல் ரெண்டு வருசமும் மேல் டிவிசன் முதலாவது. இந்தச் சித்திரையில ரெண்டாவது. பத்தும் பத்தும் ஆறும் இருபத்தாறு. கீழ் டிவிசன் ரெண்டு வருசம் கடைசி, இந்த வருசம் முதலாவது. பதினாறு. நடு டிவிசன் பதினஞ்சு. ஆர் போறது எண்டு நீயே சொல்லு.

– மொத ரெண்டு வருசம் மேல் டிவிசன்ல கோல் போட்டது யாருங்கய்யா?

– நீ.

– இந்த வருசம் கீழ் டிவிசன்ல?

– நீதான். தையில கலியாணம் கட்டிக் கீழ இறங்கினாய், சித்திரையில கீழ் டிவிசன் வெண்டது. எனக்கு அது தெரியாதோ?

– இப்ப மேல் டிவிசன்ல யாரு போடுறா? பொன்னையாண்ணன் மக தயானி. நல்ல புள்ளதான். பத்து எறிஞ்சா ரெண்டு உள்ள விழுகும், ஒண்ணு கொழுந்து நிறுக்குற மடுவத்துக் கூரையில விழுகும்.

– ஓம், அது நானும் கண்டன்.

– அப்ப நான் எடுத்த புள்ளி என் பின்னால வரணுமா, வேணாமா?

– வராது. அதுதானே முறை. நாலு பொம்பிளையள் உலகப் போட்டியில வெண்டு குடுப்பினம். அடுத்த வருசம் அதே நாட்டில வேற நாலு பேர் அவையை மடக்கினால் இவையள்தான் ஒலிம்பிக்குக்குப் போவினம். வெண்டு குடுத்தவை வீட்டில இருந்து டீவியில பாக்கவேண்டியதுதான். புள்ளி நாட்டுக்கு, ஆளுக்கில்லை.

– பாவமா இல்லையாங்கய்யா?

– பாவம்தான். ஆனால் ஒருத்தரும் கல்லெறியிறேல்ல. இன்னொண்டு கேள். ஸ்கொட்லாந்து எண்டு ஒரு ஊர். எங்கட தோட்டங்களுக்குப் பேர் வைச்ச வெள்ளைக்காரர் கனபேர் அந்தப் பக்கத்து ஆக்கள். உலகப் போட்டியில ஸ்கொட்லாந்து எண்டுதான் விளையாடுவினம். ஒலிம்பிக் எண்டு வரேக்க அந்தப் புள்ளி பிரித்தானியாவின்ர பேருக்குப் போகும்.

– ஆங். பேரு மாறுனா புள்ளி கூடவே போகுது.

– அது நாடு. நீ ஆள்.

– சரி. ஒரு நாட்டுல ஆடுன பொண்ணு வேற நாட்டுல கட்டிக்கிட்டுப் போயிட்டா?

– எந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கோ அந்த நாடு.

– எங்களுக்குப் பாஸ்போட்டு என்னாங்கய்யா?

– செக்றோல், வேலையாக்களின்ர பேர் பதியிற புத்தகம். எந்த டிவிசன் செக்றோலில பேர் கிடக்கோ அந்த டிவிசன் ஆள். வேலையும் அங்க, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் அங்க, டீமும் அங்க.

– எந்த நாளு வரைக்கும் உள்ள செக்றோலு?

– இண்டைக்குப் பின்னேரம் நாலு மணி வரைக்கும். அதோட பேர்ப் பட்டியலை ஹல்துமுல்லைக் கந்தோருக்குக் குடுத்தனுப்பவேணும்.

– இப்ப மணி?

– மூண்டேகால். ஏன், கீழ் டிவிசன் பிள்ளையள் உன்னைத் தூது விட்டவையோ?

– இல்லங்கய்யா, நானாத்தான் வந்தேன். அவளுங்க கப்பு கெடச்சதே போதும்னு அதுல பூ வச்சிட்டாளுங்க.

– பிறகு உனக்கு மட்டும் என்ன அந்தரம்? உதே கணக்கில வாற வருசமும் கீழ் டிவிசன் வெண்டால் மூண்டும் பத்தும் பத்தும் இருபத்துமூண்டு. மேல் டிவிசன் திரும்பவும் ரெண்டாவது வந்தால் இருபத்திரெண்டு. ஒரு புள்ளியால நீங்கள்தான். ஒரு வருசம் பொறுக்கேலாதோ?

– வர்ற வருசம் என் இடுப்புல ஒரு புள்ள இருக்கும். மாமியா இப்பவே பேரு பாத்து வச்சிருச்சு. ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு.

– ஓ.

– நான் இன்னிவரைக்கும் சமமான தரையில வெளாண்டதே இல்லங்கய்யா. நம்ம கிரவுண்டுல பந்த வுட்டா மலைக்குக் கீழ பெரகல சந்தியிலதான் போயி எடுக்கணும். மேல நின்னு எறிஞ்சா ஒரு கணக்கு, கீழ நின்னு எறிஞ்சா ஒரு கணக்கு. பதுளையில சிமெந்துத் தரையாம். அதுல ஒரு தடவ எறிஞ்சு பாக்கணும். அம்புட்டுத்தான்.

– உன்ர மனுசன் என்ன சொல்லுறான்? தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற தினேஸ்தானே?

– நீங்க புள்ளி லிஸ்டு ஒட்டுனதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அதப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

– பிள்ளை, உண்மையச் சொன்னால் மேல் டிவிசன் டீமில உன்ர பேரை எழுத எனக்கும் ஆசைதான். வெண்டு வந்தால் தோட்டத்துக்குத்தானே பேர். ஆனால் பொம்பிளை கலியாணம் கட்டினால் பேர் புருசன்ர டிவிசனுக்குப் போகும். அது நான் வைச்ச சட்டமில்லை, வெள்ளைக்காரன் காலத்தில இருந்து அப்பிடித்தான்.

– புருசன் பேரு எங்கயோ பொண்டாட்டி பேரு அங்க.

– ஓம்.

– ரெண்டும் தனித்தனியா இருக்க முடியாது.

– ஏலாது. ஏன் கோட்டில அப்புக்காத்து மாதிரித் திருப்பித் திருப்பிக் கேக்கிறாய்?

– நல்லா தெரிஞ்சுக்கலாம்னுதான். புள்ளி கீழ எறங்காது.

– இறங்காது. கடவுள் வந்து கேட்டாலும் இறங்காது.

– அப்ப செக்றோல எடுங்கய்யா. பேரு மாத்தணும்.

– இவ்வளவு நேரமும் என்ன சொன்னனான்? உன்ர பேரைத் தனிய மாத்தேலாது.

– இந்தத் துண்டப் படிங்க.

– என்ன இது? கீழ் டிவிசன் கங்காணி விடுறதுக்குச் சம்மதம். மேல் டிவிசன் கங்காணி எடுக்கிறதுக்குச் சம்மதம். துரையின்ர கையெழுத்து, இண்டைய திகதி. பொறு. இதில கிடக்கிறது தினேஸின்ர பேரெல்லோ? கட்டின ஆம்பிளை பெண்சாதியின்ர டிவிசனுக்குப் போறதோ? என்ர இருபது வருசத்தில இப்பிடி ஒரு துண்டு நான் காணேல்ல. லயம் முழுக்கச் சிரிக்கும், பிள்ளை.

– காலையில பெரட்டுல ஆள் கூப்புடுறப்பவே சிரிச்சு முடிச்சிட்டாங்கய்யா; புள்ளி கீழ எறங்குனா துணிப் பொட்டிய கீழயே தூக்கிட்டுப் போயிருவோம், எறங்காட்டி மேல் டிவிசன்ல எங்கம்மா காம்பராவுக்கு ஏத்திருவோம்னு அவரு மத்தியானத்துலருந்து ஒங்க ஆபீசு வாசல்ல பொட்டி மேலயே குந்தியிருக்காரு, ஏறச் சொல்லிறவா?