குதிகால் கேட்கும் இசைத்தட்டு

அவைத்தலைவர் ஏகாம்பரம் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, காஜா பெராங்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் வேலை விட்ட கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, முன்வரிசையில் இருக்கும் சாரதாம்பாள் அண்ணி! எல்லோருக்கும் பூங்காவனத்தின் வணக்கம். இதே மண்டபத்தில் எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். பேசியதில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள். தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் 'நீலக்கடல்' கித்தார் குழுவின் தலைவர், இசைச்செல்வர் கலியாணசுந்தரம் அண்ணன் போய்விட்டார். போய்விட்டாரா? எனக்கு நம்பிக்கை வரவில்லையே! கண்ணை மூடினால் உஜோங் பாசிர் கடற்கரை வருகிறது. தண்ணீர் உள்வாங்கிக் கிடக்கிறது. ஈரச் சேற்றில் வானம் முழுக்கத் தெரிகிறது. அண்ணன் கித்தாரோடு அந்த வானத்தின் மேல் நடந்து போகிறார். காலில் சேறு ஒட்டவில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கித்தார் கேட்கிறது.

பகலில் அண்ணன் பண்டார் ஹிலிரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். விரலில் இருக்கும் நீலச் சாயம் கித்தார் கம்பியிலும் ஒட்டியிருக்கும். ஜப்பான்காரன் போன பிறகு அவர் தொடங்கிய குழு இது. எத்தனை கல்யாண வீடுகள்! இந்த நாட்டின் சுதந்திரத் தேதியை நம் ஊர்த் திடலில் சொன்ன அன்று தெருவில் நின்று வாசித்தார்களே, மறக்க முடியுமா? பிறகு ஒருவர் இந்தியாவுக்குப் போனார், ஒருவர் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போனார். குழு கலைந்தது. கித்தார் பல வருஷம் ஆணியில் தொங்கியது.

லாரி ஓட்டும் மருதமுத்துவும் அவன் கூட்டாளிகளும் மின்சாரக் கித்தார், டிரம்ஸ் எல்லாம் கொண்டுவந்து, "அண்ணே, மறுபடி தொடங்குவோம்" என்று நின்றபோது அண்ணி கேட்டார்: "இந்த வயசுல உங்களுக்கு ராக் அண்ட் ரோலா? முடியை வேற வளக்கப் போறீங்களா?"

அண்ணன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "வளந்தா வளரட்டும்லா சாரதா, எண்ணெய் செலவு என்னுது" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். அவர் இருந்தால் முதலில் அவர்தான் சிரிப்பார்.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டைத் தொடங்க வாயால் எண்ண மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் மேடைப் பலகையை மூன்று முறை மிதிப்பார். மூன்றாவது மிதியில் நாங்கள் பாட்டுக்குள் இறங்குவோம். எனக்குச் சுர எழுத்துத் தெரியாது, தாளக் கணக்கும் தெரியாது. அந்தக் கால்தான் தெரியும்.

பழைய தலைவர், புது ஆட்கள், நீண்ட இசைத்தட்டு ஒன்று. அதைப் பதிவு செய்ய சிங்கப்பூர் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சீன முதலாளி, கால் சத்தம் பதிவில் விழுகிறது என்று சொல்லி அண்ணன் காலடியில் பாயை மடித்துப் போட்டுவிட்டார். என்ன ஆயிற்று? மருதமுத்து தாளம் தவறினான். அடுத்து நான் தவறினேன். மதியம் வரை ஒரு பாட்டும் கிளம்பவில்லை! அண்ணன் பாயைச் சுருட்டி முதலாளி கையில் கொடுத்தார். "தவுக்கே, என் காலை எடுத்தா இந்தக் குழு முடமாயிடும். சத்தம் விழட்டும்" என்றார். விழுந்தது. அந்த இசைத்தட்டில் ஒவ்வொரு பாட்டும் அவர் குதிகாலில்தான் பிறக்கிறது.

அதை அவர் காதால் கேட்கவில்லை. இசைத்தட்டுப் பெட்டி வந்து இறங்குவதற்கு முதல் நாள், ஏணியில் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்தது.

கருமாதி அன்று பேச்சு வந்தது. ஒரு வருஷம் பாட்டு வேண்டாம், பெட்டி அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஏகாம்பரம் ஐயா, நீங்களும் சொன்னீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருதமுத்து அதைவிடப் பெரிதாகச் சொன்னான்: "அக்கா, அண்ணன் கால் இல்லாம நான் எங்க நுழையறது? டிரம்ஸை வித்துடறேன்." இன்னொரு முறை குழு கலையப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அண்ணி எழுந்தார். பெட்டியைப் பிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த கிராமபோனில் இசைத்தட்டை வைத்தார். டொக். டொக். டொக். மருதமுத்துவின் கை அவனை அறியாமல் முழங்காலில் தாளம் போட்டது.

"அவரு கால் இங்கதானே இருக்கு. நீங்க எங்க போறீங்க?" என்றார் அண்ணி.

பெரியோர்களே! வருகிற சனிக்கிழமை இதே மேடையில் நீலக்கடல் பாடும். கிராமபோன் நடுவில் இருக்கும். அண்ணன் மிதிப்பார். மூன்றாவது மிதியில் அண்ணி ஊசியைத் தூக்குவார், நாங்கள் உள்ளே இறங்குவோம். அண்ணி ஊசியைத் தூக்கத் தாமதித்தால் என்ன? இரண்டு வரி அவரோடு சேர்ந்து வாசித்துவிட்டுப் போகிறோம்! இந்தக் குழுவைக் கலைய விடமாட்டோம். இது உங்கள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணே, நீங்க மிதிங்க. நாங்க வர்றோம்.